மலைக்கும் மழைக்கும் நடுவே ஒரு குடம்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட அது எனக்குக் கொஞ்சம் மரியாதை. நான் அச்சகத்தில் புரூப் பார்க்கிறவன். முப்பது வருடமாக அடுத்தவர்கள் எழுதியதில் ல, ள, ழ பிசகியிருக்கிறதா என்று பார்த்தே மூக்குக் கண்ணாடியின் கனத்தை ஏற்றிக்கொண்டவன். நாகமலை புதுக்கோட்டைப் பக்கமிருந்து பல்கலைக்கழக மாணவர்கள் ஆய்வேட்டைக் கட்டிக்கொண்டு என்னிடம் வருவார்கள். 'வாழை'யை 'வாளை' என்று எழுதிய ஒரு பையனை, "தம்பி, இது மரமா மீனா, மொதல்ல அதச் சொல்லு" என்று கேட்டு அழும் நிலைக்குக் கொண்டுபோயிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் போன கோடையில் 'மழை' என்று சொன்னதை 'மலை' என்று கேட்டுக்கொண்டு, புது ஷூ, தொப்பி, முதுகில் பை சகிதம் விடுமுறைக்குக் கிளம்பிப் போனேன்.

குற்றம் முழுக்க என் காதுடையது அல்ல. எங்கள் மதுரைச் செல்லூருக்கும் அதில் பங்கு உண்டு. எங்கள் தெருவில் ழகரம் எப்போதோ செத்துப்போய், எல்லாம் ளகரமாகிவிட்டது. விசைத்தறிச் சத்தத்தில் அந்த ளகரமும் தேய்ந்து லகரமாக வந்து சேரும். என் சேக்காளி ஒருவன் அடுத்த சந்தில் நாலு தறி ஓட்டுகிறான். நாங்கள் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவோம். யார் வீட்டில் யார் பெண் எடுத்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ஒருநாள் காலையில் நான் அவன் தறிக்கொட்டகை வாசலில் நின்றபோது உள்ளே இருந்து கத்தினான்.

"மாப்ள, அக்கா போன் பண்ணுச்சு. சனிக்கெளம ஊர்ல மளைக்கு நடக்குறாகளாம். வீட்டுக்கு ஒரு ஆளு வேணும். அக்கா வீட்டுல ஆளில்ல. வாரியா?"

நாலு தறியும் சேர்ந்து அடித்த அடியில் எனக்கு அது 'மலைக்கு நடக்குறாக' என்று விழுந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் டாக்டர் என் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு நடக்கச் சொல்லியிருந்தார். நானும் வீட்டில், "இந்த வருசம் கொடைக்கானல் கார் எல்லாம் கிடையாது, நான் நடந்துதான் மலை பார்க்கப்போகிறேன்" என்று அறிவிப்புச் செய்திருந்தேன். தேடிய மலை தானாக வந்து கதவைத் தட்டினால் விடுவேனா?

"வாரேன் மாப்ள!" என்று நானும் கத்தினேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி தலையை நிமிர்த்தாமல் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "மாடிக்குத் துணி காயப்போடப் போனாலே மூச்சு வாங்குது. மலைக்குப் போறாராம்ல" என்று கீரையிடம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ்ஸில் அலங்காநல்லூர் போய் இறங்கி அங்கிருந்து நடப்பதாக ஏற்பாடு. சேக்காளி ரப்பர் செருப்பும் கையில் ஒரு மஞ்சப்பையுமாக வந்தான். என்னைப் பார்த்ததும் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை கண்ணை ஓட்டிவிட்டு, "எவரெஸ்டுக்கா?" என்றான். அதற்குமேல் பேசவில்லை. அவன் பேசாத ஆள் என்றுதான் நான் வெளியில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்று ஊர் போய்ச் சேருகிற வரை நான் வாயை மூடவேயில்லை என்பதால் அவனுக்குப் பேச இடம் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. கிடைத்திருந்தால் விஷயம் வழியிலேயே வெளியே வந்திருக்கும்.

மாந்தோப்புகளுக்கு நடுவே போகிற பாதை அது. பறித்த காய்களைக் குவித்து வைக்கோல் போர்த்தியிருந்தார்கள். வேப்பமரத்தடியில் கட்டிக்கிடந்த காளைகள், பொங்கல் ஜல்லிக்கட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதுவரை உன்னை மன்னிக்கிறோம் என்பதுபோல என்னைப் பார்த்தன. கிளம்பும்போது நீலமாக, துணிக்கடைச் சீலை மாதிரி கிடந்த மலை, நடக்க நடக்க நிறம் மாறிப் பழுப்பாகி, பிறகு பாறை தனியாக, புதர் தனியாக, இடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்த மரம் தனியாகப் பிரிந்து வந்தது. ஒரு டீக்கடையில் ஊர் எம்புட்டுத் தூரம் என்று கேட்டேன்.

"இந்தா, கூப்புடு தூரந்தேண்ணே" என்றார் டீ ஆற்றியவர்.

அதற்கப்புறம் ஒன்றரை மணிநேரம் நடந்தோம். நடுவில் நான் இரண்டு தடவை கூப்பிட்டும் பார்த்தேன். ஊர் பதில் சொல்லவில்லை.

சேக்காளியின் அக்கா, அவனுடைய பெரியம்மா மகள், அறுபதை நெருங்கியவர். மலையடிவாரத்தில் ஓட்டு வீடு, பின்னால் மல்லிகைத் தோட்டம். அவருடைய வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தார்.

"வாடிவாசல்ல இருவது வருசம் காளைய அவுத்துவிட்ட மனுசன்" என்று அக்கா அறிமுகம் செய்துவைத்தார். "கன்னுக்குட்டி இளுத்து வரப்புல விளுந்துட்டாரு."

"வந்தவுககிட்ட மொதல்ல அதச் சொல்லணுமா?" என்று அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தண்ணீர் கொடுத்த கையோடு அக்கா எங்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். இடுப்பு உயரச் செடிகள். பூக்கிற பருவம்தான், ஆனால் மொட்டுகள் அரிசி மாதிரி சிறுத்திருந்தன, அடி இலைகள் மஞ்சள் தட்டியிருந்தன. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து அக்கா ஒரு கல்லைப் போட்டார். தண்ணீரில் விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து 'டொக்' என்று கேட்டது.

"காலையில கொஞ்சம் ஊறும், அத எறைச்சு ஊத்துறேன். இன்னும் பத்து நாளு தாங்கும் தம்பி, மீறுனா பன்னெண்டு. அதுக்குள்ள எறங்கலேன்னா அம்புட்டும் வேரோட போயிரும். ஆறு வருசத்துச் செடி."

நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தி வெயில் பாறையில் பட்டுத் தகதகவென்று இருந்தது. "அருமையான இடம்க்கா" என்றேன். அவர் குனிந்து ஒரு மஞ்சள் இலையைக் கிள்ளிப் போட்டார். எனக்கே என் வாயில் ஒரு போடு போடலாம்போல இருந்தது.

சாயங்காலமே சோறு போட்டுவிட்டார். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, அப்பளம், மோர். இரண்டாம் முறை வேண்டாம் என்றதற்கு, "நல்லாச் சாப்டுங்க, நீங்கதான இந்த வீட்டு ஆளு" என்று அள்ளி வைத்தார். என்ன அன்பு என்று நெகிழ்ந்துபோய் மூன்றாம் முறையும் வாங்கிக்கொண்டேன். தட்டு காலியாகும்போது சொன்னார்.

"காலையிலேர்ந்து வாயக் கட்டணும், ஞாவகம் வச்சுக்கங்க."

"மலை ஏற வாய எதுக்குக்கா கட்டணும்? மூச்சு வாங்கணும்ல."

"மலைக்கு யாரு போறா? மளைக்குல்ல போறோம்!"

"அதான்க்கா, மலைக்கு."

"மலைக்கில்ல தம்பி, மளைக்கு. மேகத்துலருந்து வருமே, மளை!"

கட்டிலில் இருந்தவர் முதலில் சிரித்தார். மாவுக்கட்டு அதிரச் சிரித்தார். சேக்காளி சோற்றுக் கையோடு எழுந்து வாசலுக்கு ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தான். "மாப்ள, நீ பொளப்பு நடத்துறதே இந்த எளுத்துலதானடா!" என்றான். 'பொளப்பு' என்றும் 'எளுத்து' என்றும் அவன் சொன்னதைத் திருத்துகிற நிலைமையில் நான் இல்லை.

பிறகு அக்கா விவரம் சொன்னார். கோடை கடுமையாக இருக்கிற வருடம் ஊரில் நிலம் வைத்திருக்கிற வீடுகள், வீட்டுக்கு ஒரு ஆண், ஒரு குடம் என்று மலைமேல் இருக்கிற சுனைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவருவார்கள். கண்மாய்க்கரையில் ஒரு கல்தொட்டிக்குள் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். எல்லாக் குடமும் ஊற்றினால்தான் அவர் கழுத்து நனையும், ஒன்று குறைந்தாலும் தோளோடு நின்றுவிடும். கழுத்து நனைந்தால் மூச்சுமுட்டி அவரே மழையைக் கூப்பிடுவார் என்பது ஊரின் கணக்கு. வெறுங்காலோடு போகவேண்டும், குடத்தைக் கீழே வைக்கக்கூடாது. வெறுங்குடம் எடுத்ததிலிருந்து தண்ணீரை ஊற்றி முடிக்கிறவரை ஒரு சொல் பேசக்கூடாது. யாராவது பேசினால் அத்தனை பேரும் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி மலை ஏறவேண்டும்.

"போன தடவ ஒருத்தரு பாதி வளியில போன எடுத்து 'அலோ'ன்னுட்டாரு. அம்புட்டுப் பேரும் திரும்ப ஏறுனாக. இன்னைக்கு வரைக்கும் அவரு பேரே அலோதேன்."

"இவன்கிட்ட குடுக்கலாம்ல?" என்று சேக்காளியைக் காட்டினேன்.

"பங்காளி வீட்டுல போன வாரம் சாவு. எனக்குத் தீட்டு, குடத்தத் தொடக்கூடாது" என்றான் அவன்.

"நான் வெளியூர்க்காரன் ஆச்சே?"

"முந்துன நாளு எந்த வீட்டுல சாப்டுறாகளோ அந்த வீட்டு ஆளு" என்றார் அக்கா. அந்த மூன்று தடவைச் சோறும் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

சிரிப்பெல்லாம் அடங்கியபிறகு அவர் குரல் மாறியது. "மனசில்லேன்னா இப்பவே சொல்லிருங்க தம்பி. எங்க வீட்டுக் கொடம் இல்லாமப் போயி, மளையும் வராமப் போச்சுன்னா, செடி போறது ஒரு பக்கம், ஊரு எங்களத்தேன் கை நீட்டும்."

எனக்கு அப்போது வந்த தைரியத்தை நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. "முப்பது வருசமா பேசாம உக்காந்து புரூப் பாக்குறவன்க்கா. ஒரு காலைப்பொளுதுக்கு வாய மூட மாட்டேனா?" என்றேன். ஆமாம், 'பொளுது' என்றுதான் சொன்னேன். சேக்காளி மறுபடி வாசலுக்குப் போனான்.

விடிந்ததும் ஊர் எல்லையில் கூடினோம். ஷூவைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தேன். அவர் அதை மாடக்குழியில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்ததாகப் பிறகு சொன்னார்கள். பித்தளைக் குடம் ஒன்று கைக்கு வந்தது. தலையில் வைத்துக்கொள்ளத் துண்டைச் சுருட்டிச் சும்மாடு செய்துகொடுத்தார்கள். பூசாரி வெண்கலச் சேமக்கலத்தை ஒரு தட்டுத் தட்டினார். அந்த நொடியிலிருந்து முப்பது சொச்சம் ஆண்களின் வாய் மூடிக்கொண்டது.

பேசாமல் நடந்தால்தான் மலை கண்ணுக்குத் தெரிகிறது என்று பெரிதாக ஒரு வரி எழுத ஆசைதான். ஆனால் முதல் அரைமணி நேரம் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் பாதமும் அதன் கீழே இருந்த சரளைக்கற்களும் மட்டுமே. முன்னால் போனவர் அகலமான முதுகுக்காரர். அவர் கால் வைத்த இடத்தில் நானும் கால் வைத்தேன். ஆவாரம்பூ மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது. உசில மரத்தில் ஒரு பறவை நாலே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னது. பேசுகிற உரிமை அதற்காவது இருக்கிறதே என்று பொறாமையாக இருந்தது. ஒரு பாறைமேட்டில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து எங்களைப் பார்த்தன. வெறுங்குடத்தோடு ஊமையாக மலை ஏறுகிற இத்தனை பேரையும் பார்த்து அவை என்ன நினைத்தன என்று யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. அகல முதுகுக்காரர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கண்ணாலேயே, 'வேணாம்' என்றார். அனுபவஸ்தர் பார்வை அது. சட்டைப் பையில் போன் இருக்கிறதா என்று அவர் நாலைந்து முறை தடவிப் பார்த்துக்கொண்டதில் ஆள் யார் என்று விளங்கிவிட்டது. அலோ!

சுனை, இரண்டு பாறைக்கு நடுவே ஒரு கருப்புக் கண். ஒவ்வொருவராகக் குனிந்து மொண்டோம். தண்ணீர் கையை வெட்டுகிற குளிர்ச்சி. நிமிர்ந்து திரும்பினால் கீழே மொத்த சமவெளியும் கிடந்தது. தென்னந்தோப்புகள், வெடித்துக் கிடந்த கண்மாய், தென்மேற்கே நீளமாகப் படுத்திருந்த நாகமலை, மதுரை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புழுதித் திரை. அடிவாரத்தில் கைக்குட்டை அளவுக்குப் பச்சையாக அக்காவின் தோட்டம். மேலே வந்து பார்க்கும்போதுதான் அது எவ்வளவு சின்னது என்பதும், அதைச் சுற்றி எல்லாம் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதும் ஒருசேரத் தெரிந்தது. முதல்முறையாக எனக்குப் பேசத் தோன்றவில்லை.

இறங்கும்போது வழுக்கியது. விழவில்லை, குடமும் விழவில்லை. ஆனால் சாய்ந்த சாய்வில் பாதிக்குப் பாதி தண்ணீர் முதுகில் இறங்கி வேட்டியை நனைத்துக்கொண்டு போய்விட்டது. 'ஐயோ' என்கிற சொல் தொண்டைவரை வந்தது, பல்லைக் கடித்து உள்ளே அனுப்பினேன். திரும்பி ஏற முடியாது, வரிசை உடையக்கூடாது. பாதிக் குடத்தோடு போய் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்று நின்றேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டு அலோ திரும்பி நின்றார். தன் குடத்தைத் தலையிலிருந்து இறக்கி மார்போடு பிடித்துக்கொண்டு, என் குடத்தில் கொஞ்சம் சாய்த்தார். பின்னால் வந்தவர் அதைப் பார்த்துவிட்டு அவரும் கொஞ்சம் சாய்த்தார். அவருக்குப் பின்னால் வந்தவரும் அப்படியே. என் குடம் நிறைந்தது. நன்றி சொல்ல வழியில்லாத இடத்தில் ஒரு மனிதன் எவ்வளவு அசடாக இளிப்பான் என்பதை அவர்கள் மூன்று பேரும் பார்த்தார்கள்.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் இன்னொரு சோதனை. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் கொட்டை எழுத்தில், 'மலைநீரைச் சேமிப்போம்' என்று எழுதியிருந்தது. எழுதியவர் மழையைத்தான் நினைத்திருக்கிறார். குடத்தோடு நான் அதன் எதிரில் நின்றுவிட்டேன். முப்பது வருடப் பழக்கம் உள்ளே குதித்தது. விரலை மட்டும் நீட்டி, அந்த 'லை'யைக் காற்றில் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு நகர்ந்தேன். அலோவின் முதுகு குலுங்கியது.

கண்மாய்க்கரையில் பெண்கள் கூடியிருந்தார்கள். ஒவ்வொரு குடமாக ஊற்ற ஊற்றத் தொட்டியில் தண்ணீர் ஏறியது. பிள்ளையாரின் தொந்தி, மார்பு, தோள். புது ஆள் என்பதால் கடைசியாக என் முறை வந்தது. குடத்தைத் தூக்கினேன். அப்போது பூசாரி என்னைப் பார்த்து உரக்கக் கேட்டார்: "இது யாரு வீட்டுக் கொடம்?"

கழுத்தை நனைக்கிற கடைசிக் குடத்துக்கு மட்டும் இந்தக் கேள்வி உண்டு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. இதற்கு வீட்டுப் பெண்தான் பதில் சொல்லவேண்டும், குடம் தூக்கியவர் கல்லாக நிற்கவேண்டும் என்பது ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும் என்பதால் சொல்ல விட்டுப்போயிருக்கிறது. கேட்டால் பதில் சொல்கிற நல்ல வளர்ப்பு எனக்கு. வாய் திறந்தது. "அ..." என்று ஒரு சத்தம் கிளம்பியும் விட்டது. அலோவின் கண் பிதுங்கியதைப் பார்த்தேன். அந்த 'அ'வை அப்படியே இருமலாக மாற்றினேன். க்ஷயரோகக்காரன் மாதிரி இருமினேன். அதற்குள் கூட்டத்திலிருந்து அக்காவின் குரல், "எங்க வீட்டுக் கொடம்!" என்று வந்து விழுந்தது. ஊற்றினேன். தண்ணீர் பிள்ளையாரின் கழுத்தைத் தொட்டது. குலவைச் சத்தத்தில் என் இருமல் மறைந்துபோனது.

இருமல் பேச்சில் சேர்த்தியா? அலோவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அவர் வானத்தைக் காட்டினார். "அது சொல்லட்டும்ணே" என்றார்.

மதுரைக்குத் திரும்பினோம். பாதம் இரண்டும் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தன. மனைவி வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, "மல எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். நான் மழையைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பை இங்கே எழுதப்போவதில்லை.

அதிலிருந்து தினமும் காலையில் அக்காவுக்குப் போன். நாலாம் நாள்: "மேகம் இருக்காக்கா?" "இல்ல தம்பி." ஏழாம் நாள்: "இருக்கு, ஆனா நத்தம் பக்கம் போகுது." ஒன்பதாம் நாள் கிணற்றில் ஊறுவதும் நின்றுவிட்டதாகச் சொன்னார். பத்தாம் நாள் அவர் எடுக்கவில்லை. புரூப்பில் உட்கார்ந்தால் 'அ' என்கிற எழுத்து வருகிற இடமெல்லாம் என் பென்சில் நின்றுபோனது. சேக்காளியிடம் இருமல் விஷயத்தை ஒப்புக்கொண்டேன். அவன் தறியைப் பார்த்தபடி, "ஆறு வருசத்துச் செடி மாப்ள" என்று மட்டும் சொன்னான். கிண்டல் பண்ணியிருந்தால் தேவலாம்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் தறிக்கொட்டகை வாசலில் நின்றேன். உள்ளே அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினான். நாலு தறியும் அடித்துக்கொண்டிருந்தது.

"மளை மாப்ள! மளை!"

"மலையா?"

"மளைடா!"

"எந்த ளை?"

தறியை நிறுத்திவிட்டு வந்து, ஆகாயத்தைக் காட்டி, பத்து விரலையும் உதிர்த்துக் காட்டினான். போனைப் பிடுங்கினேன். அந்தப் பக்கம் ஓட்டின்மேலும் தகரத்தின்மேலும் கொட்டுகிற சத்தம். அதற்கு நடுவே, "கன்னுக்குட்டிய உள்ள கட்டு!" என்று அக்காவின் வீட்டுக்காரர் குரல், அந்தக் கன்றுக்குட்டியிடம் இன்னும் பயம் போகாத குரல்.

"அக்கா! செடி தப்பிருச்சுல்ல? நான் அன்னைக்கே நெனச்சேன்க்கா. கொடம் தலையில ஏறுனப்பவே ஒரு இது இருந்துச்சு. நடுவுல ஒரு இருமல் வந்துச்சு, உங்ககிட்ட சொல்லல, அது பேச்சுல சேராதுக்கா. அ-ன்னு ஒரு சத்தந்தேன், அதுவும் பாதிதேன். பிள்ளையார் கேட்டிருந்தாலும் கண்டுக்கல பாத்தீகளா? அடுத்த வருசமும் நானே வாரேன், யாருகிட்டயும் சொல்லிராதீக. அக்கா? கேக்குதா? கடைசியில நம்ம வீட்டுக் கொடந்தான்க்கா கழுத்த நனைச்சுச்சு..."

"பேசாம இருங்க தம்பி, இன்னுங் கொஞ்சம் பெய்யட்டும்."